மைக்கை அணைக்க மறந்தவர்

ஜனவரி 18, சனி

இன்று கல்லூரி மாணவன் ஆனேன். வயது நாற்பத்தேழு. பி.காம்., தமிழ் வழி, முழுக்க ஆன்லைன். சனி ஞாயிறு காலை ஏழு மணிக்கு நேரடி வகுப்பு. மற்ற நாட்களுக்குப் பதிவு செய்த பாடங்கள்.

அறிமுக வகுப்பை ஹேமாவதி மேடம் எடுத்தார். புள்ளியியல் அவர் பாடம். "வீட்டில உக்காந்து படிக்கிறவங்க பாதியில கழண்டுக்கறது ரொம்ப சுலபம். யாரும் வந்து ஏன் வரலைன்னு கேக்க மாட்டாங்க. அதனால ஒரு நாட்குறிப்பு எழுதுங்க. எங்க சிக்கிக்கிட்டீங்கன்னு உங்களுக்கே தெரியும்" என்றார். ஒயர் கம்பெனிக்காரர்கள் வருடா வருடம் என் எலெக்ட்ரிகல் கடைக்குக் கொடுக்கிற டைரி சும்மாதான் கிடக்கும். இந்த வருடம் அதற்கும் ஒரு பிழைப்பு வந்தது.

ஏன் படிக்கிறோம் என்பதை முதல் பக்கத்தில் எழுதச் சொன்னார். எழுதுகிறேன். உடுமலை மின்சாதன வியாபாரிகள் சங்கத்துக்கு அடுத்த வருடம் செயலாளர் தேர்தல். போன தேர்தல் நோட்டீஸில் எதிராளி பெயருக்குப் பின்னால் எம்.ஏ. என்று இருந்தது. என் பெயருக்குப் பின்னால் ஒன்றுமில்லை. அதுதான் காரணம். வேறு காரணம் கிடையாது.

என் மகள் சங்கவியும் இதே படிப்பில், இதே வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். அது தற்செயல்.

ஜனவரி 19, ஞாயிறு

கடையிலேயே ஃபோனை வைத்துப் பாடம் கேட்கலாம் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் யார் வரப்போகிறார்கள் என்ற தைரியம். அக்கவுண்ட்ஸ் சார் ‘வணிகம் என்றால் என்ன’ என்று கேட்ட நேரத்தில் ஒருவர் வாசலில் வண்டியை நிறுத்தி, "ஏனுங், மோட்டாருக்கு கெபாசிட்டர் இருக்குதுங்களா? தண்ணியில்லாம பொண்டாட்டி வையறா" என்றார். மைக்கை அணைக்க மறந்திருந்தேன். சார் சிரித்துவிட்டு, "இதுதாங்க வணிகம்" என்றார். வகுப்பே சிரித்தது.

அடுத்த வகுப்பு முதல் வீட்டுச் சமையலறை மேசைதான் என் கல்லூரி. ரவை டப்பாவில் ஃபோனைச் சாய்த்து வைத்தால் சரியாக நிற்கிறது.

ஜனவரி 26, ஞாயிறு

என் மனைவி கலாமணி தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "ஏனுங்க, படிப்பு மூணு வருசம். தேர்தல் அடுத்த வருசம். எப்படிக் கணக்கு?"

அதற்கடுத்த தேர்தலுக்கு ஆகும் என்று சொன்னேன். அவள் கல்லைத்தான் ரொம்ப நேரம் துடைத்தாள்.

சங்கவி மாடி அறையில் இருந்து வகுப்பில் சேர்கிறாள். பட்டியலில் அவள் பெயர் இருக்கிறது. மைக் மூடி, கேமரா மூடி. காபி கொண்டுபோன கலாமணி வந்து சொன்னாள், லேப்டாப் ஒரு பக்கம் பாடம் நடத்துகிறதாம், இவள் போர்வையை இழுத்து மூடிப் படுத்திருக்கிறாளாம். பட்டியலில் பெயர் இருந்தால் வருகைப்பதிவு ஆகிவிடும். ஆள் இருக்க வேண்டும் என்பதில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

மச்சான் வீட்டார் வந்திருந்தார்கள். "சங்கவி கோயமுத்தூர் காலேஜுக்குப் போகலீங்களா?" என்று மச்சான் சம்சாரம் கேட்டார். இப்போதெல்லாம் எல்லாரும் ஆன்லைன்தான், நானே படிக்கிறேன் பாருங்கள் என்று ரவை டப்பாவைக் காட்டினேன். பேச்சு என் மேல் திரும்பிவிட்டது. நல்லதாகப் போயிற்று. ஆளாளுக்குக் கேலி செய்துவிட்டு, கொழுக்கட்டை தின்றுவிட்டுப் போனார்கள். சங்கவி இறங்கி வரவேயில்லை.

இதையும் எழுதி வைத்தால்தான் என்ன. சங்கவிக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு லேசாகத் திக்கும். வீட்டில் அது எங்கள் காதில்கூட விழாது. கோவையில் சேர்ந்து நாலு மாதத்தில் வகுப்பின் முன்னால் நின்று ஏதோ பேச வேண்டியிருந்தது. ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டாள். வெளியே வரவில்லை. எவனோ ஃபோனில் எடுத்து, பாட்டுச் சேர்த்து, குழுக்களில் விட்டுவிட்டான். அந்த வாரமே, போன நவம்பரில், பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். அதற்கப்புறம் வீட்டில்கூட ஆமாம், இல்லை, வேண்டாம் மட்டும்தான். கலாமணிதான் அந்த வீடியோவைப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை.

பிப்ரவரி 8, சனி

அக்கவுண்ட்ஸ் வகுப்பு. சந்தேகம் இருக்கிறதா என்று சார் கேட்டதும் மைக்கைத் திறந்து, "சார், பற்றுன்னா டெபிட்டுங்களா, கிரெடிட்டுங்களா?" என்று கேட்டேன். சார் அதைத்தான் ஒரு மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். திரையில் சிரிப்பு பொம்மைகள் வரிசையாகப் பறந்தன. சார் பொறுமையாக மறுபடி சொன்னார். நன்றி சொல்லிவிட்டு, "அப்ப கிரெடிட்டுன்னா?" என்றேன்.

"ஏனுங்க" என்றாள் கலாமணி, ஃபோனுக்குக் கேட்காத குரலில். "இருபது வருசமா கடைக் கணக்கு நீங்கதான எழுதறீங்க?"

"அது வேற. இது வேற."

மாடியில் கட்டில் கிரீச்சிட்டது. படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தால்தான் அந்தக் கட்டில் அப்படிக் கத்தும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று மூன்று சந்தேகம் கேட்டேன். மூன்றுக்கும் சிரித்தார்கள். காலைப் பலகாரம் நன்றாக இறங்கியது.

பிப்ரவரி 16, ஞாயிறு

அசைன்மெண்ட்டை எழுதி, ஃபோட்டோ எடுத்து, ஏற்றிவிட்டேன் என்ற பெருமையில் இருந்தேன். சார் வகுப்பில் சொன்னார்: "தண்டபாணி அவர்கள் இரட்டைப் பதிவு முறைக்குப் பதிலா சீலிங் ஃபேன் விலைப்பட்டியல் அனுப்பியிருக்கார். விலை நியாயமாத்தான் இருக்கு. ஆனா மார்க் போட முடியாது."

இது நிஜமாகவே கை தவறியது.

வகுப்பு முடிந்ததும் மாடிப்படியில் சத்தம். சங்கவி. தலைகூட வாராமல் இறங்கி வந்து கையை நீட்டினாள். "ஃபோனைக் குடுங்க."

கொடுத்தேன். என் ஃபோனில் இருந்த படங்களைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். ஃபேன், பில், எம்.சி.பி. சுவிட்சு, நடுவில் என் அசைன்மெண்ட், அப்புறம் கடைக்கு முன்னால் படுக்கிற நாய். எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்து வைத்தாள். சரியானதை ஏற்றினாள். சாருக்கு மன்னிப்புக் கேட்டு என் பெயரில் ஒரு மெயில் போட்டாள். பிறகு மேசையைப் பார்த்தாள், ரவை டப்பாவைப் பார்த்தாள், கலாமணி மிக்ஸி ஓட்டுவதைப் பார்த்தாள்.

"இ... இப்படிப் படிச்சா பாஸாக மாட்டீங்கப்பா" என்றாள்.

நவம்பருக்கு அப்புறம் அவள் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

பிப்ரவரி 23, ஞாயிறு

என் மகள் ஒரு கொடுமைக்காரி என்று இந்த வாரம்தான் தெரிந்தது.

பார்க்காமல் விட்ட பதிவுப் பாடங்கள் என் கணக்கில் மலையாகக் கிடந்தன. நான் அவற்றைக் கடையில் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக்கொண்டு பல்பு ஹோல்டர் விற்றுக்கொண்டிருந்தேன். அது கூடாதாம். தினமும் கடை திறக்குமுன் ஒரே ஒரு பாடம், சாதாரண வேகம், கையில் பேனா. சார் எழுதுவதை எல்லாம் எழுதக்கூடாது. நிறுத்திவிட்டு, நமக்குப் புரிந்ததை நம் சொல்லில் எழுத வேண்டும். வாட்ஸ்அப் வாயை மூட வேண்டும். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னாலேயே அசைன்மெண்ட் போய்விட வேண்டும். கடைசி நாளில் கரண்ட் போகும், கரண்ட் வந்தால் நெட் போகும்.

"நான் எலெக்ட்ரிகல் கடைக்காரன், எனக்கே கரண்ட்டைப் பத்திச் சொல்றயா?" என்றேன்.

லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கலாமணிக்கும் உத்தரவு வந்திருக்கிறது. ஏழிலிருந்து பத்து வரை மிக்ஸி கூடாது. சட்னியை வகுப்புக்கு முன்னால் அரைத்துவிட வேண்டும்.

மார்ச் 1, சனி

எனக்குச் சொல்லித்தர வேண்டியிருப்பதால் அவளும் பாடம் கேட்டாக வேண்டியிருக்கிறது. மாடியில் போர்வை மடித்து வைத்திருக்கிறதாம். தகவல்: கலாமணி.

மார்ச் 15, சனி

புள்ளியியல் என்னை மிதிக்கிறது. இன்று சராசரியும் இடைநிலையும். சாயங்காலம் சங்கவி கடைக்கே வந்துவிட்டாள். அவள் கடைப்பக்கம் வந்து எத்தனையோ மாதம். கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் எழுதினாள்.

"போன வாரம் அஞ்சு நாள்ல எத்தனை ஃபேன் வித்தீங்க?"

"ஒண்ணு, ரெண்டு, ரெண்டு, மூணு. வெள்ளிக்கிழமை கல்யாண மண்டபத்துக்காரர் நாப்பது எடுத்தாரு."

"கூட்டி அஞ்சால வகுத்தா, நாளைக்குக் கிட்டத்தட்டப் பத்து ஃபேன். நெ... நெசமாலுமே தினம் பத்து விக்குதுங்களா?"

"எங்க விக்குது. ஈ ஓட்டறேன்."

"அதான். வரிசையா வெச்சு நடுவுல இருக்கறதைப் பாருங்க. ரெண்டு. அதான் இடைநிலை. ஒருத்தர் வந்து அள்ளிட்டுப் போனாலும் அது அசையாது."

புரிந்தது. பளிச்சென்று புரிந்தது. ஆனாலும் நாளைக்கு மேடத்திடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளலாம் என்றிருக்கிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மேடம் இடைநிலையில் கணக்குப் போட்டுக் காட்டி முடித்தார். நான் மைக்கைத் திறந்தேன். "மேடம், இடைநிலைன்னா என்னங்க? மறுபடி ஒருக்கா சொல்றீங்களா?"

மேடம் மூச்சு விட்டது ஸ்பீக்கரில் கேட்டது. "தண்டபாணி சார், நேத்திருந்து இதைத்தான் சொல்லிட்டிருக்கேன். உங்க ஒருத்தருக்காக எல்லாரும் நிக்க வேண்டியிருக்கு. பதிவை மறுபடி பாருங்களேன்."

கௌசிக் என்றொரு பையன் திரையோரச் சாட்டில் எழுதினான்: ‘அங்கிள், நீங்க கடையைப் பாருங்க, நாங்க படிக்கிறோம்.’ கீழே சிரிப்பு பொம்மைகள். இன்னொருவன், ‘அங்கிளை யாராவது மியூட் பண்ணுங்கப்பா’ என்றான். எனக்கு ஒன்றும் இல்லை. இதெல்லாம் பழகிவிட்டது. சரிங்க மேடம் என்று சொல்லப் போனேன்.

அப்போது திரையில் ஒரு பெட்டியைச் சுற்றிப் பச்சைக் கோடு எரிந்தது. சங்கவி. மைக்கைத் திறந்திருந்தாள்.

சத்தம் இல்லை. பச்சைக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. மூச்சு கேட்டது. பிறகு "ம்..." என்று வந்தது, நின்றது. மறுபடி "ம்... ம்..." யாரோ ‘நெட் கட்டாகுது’ என்று எழுதினார்கள். கலாமணி அடுப்பை அணைத்துவிட்டு என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருங்க அது, சங்கவியா?" என்றார் மேடம். "சொல்லுங்கம்மா. நான் இருக்கேன்."

"ம்மேடம். பு... புரியலைன்னா கேக்கத்தான கிளாஸு. அவரு கேக்கறதுல என்ன தப்பு? ப... பதிவு கேள்விக்குப் பதில் சொல்லாதுங்க மேடம்." ஒரு இடைவெளி. "அவரு எங்கப்பா."

வகுப்பில் ஒரு பொம்மைகூடப் பறக்கவில்லை.

"நானே சொல்றேனுங்க" என்று ஃபேன் கணக்கை ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, இரண்டு, மூன்று, நாற்பது. நாற்பதில் மாட்டிக்கொண்டாள். நா... நா... என்று நின்றாள். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எடுத்துக் கொடுக்க வாய் வரை வந்துவிட்டது. கலாமணி என் தோளை அழுத்தினாள். நாற்பது வந்தது. அப்புறம் கடைசி வரை போய்ச் சேர்ந்தாள்.

மேடம் அந்த ஐந்து எண்ணையும் திரையில் எழுதிக் காட்டினார். பிறகு, "நான் சொன்னதைவிட இது தெளிவா இருக்கும்மா. சார், நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றார். பரவாயில்லீங்க என்றேன்.

வகுப்பு முடிந்து இறங்கி வந்தவள் முகம் சிவந்திருந்தது. "தோசை ஊத்தும்மா" என்றாள். எத்தனை தின்றாள் என்று எண்ணவில்லை, மாவு தீர்ந்துவிட்டது.

கடையில் இன்று திருகு பல்பு கேட்டவருக்கு மாட்டுகிற ‘பின்’ பல்பும், ‘பின்’ பல்பு கேட்டவருக்குத் திருகும் கொடுத்தேன். இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள்.

மார்ச் 29, சனி

சங்கவி வகுப்பில் ஒரு சந்தேகம் கேட்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரைக் கனி. மச்சான் வீட்டார் வந்தார்கள். சங்கவி கீழேயே இருந்தாள்.

ஏப்ரல் 26, சனி

உள்மதிப்பீடு. ஒவ்வொருவரும் கேமராவைத் திறந்து ஐந்து நிமிடம் பேச வேண்டும். இரண்டு வாரமாக இதற்குப் பயிற்சி நடந்தது. நான்தான் வகுப்பு. கட்டிலில் உட்கார்ந்து கைதட்டினேன். ஒரு இடத்தில் தூங்கிவிட்டேன் என்று என் மேல் புகார் உண்டு.

சங்கவியின் முறை வந்தது. பச்சைச் சுடிதார், தலை வாரிப் பின்னியிருந்தாள். "வணக்கம். எனக்குப் பேச்சு தி... திக்கும். கொஞ்சம் நேரமாகும். பொறுத்துக்குங்க" என்று ஆரம்பித்தாள். இது பயிற்சியில் இல்லாதது. அவளாகச் சேர்த்தது.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது நிமிடம் என்று நினைக்கிறேன், வாய் பாதி திறந்தபடி நின்றுவிட்டாள். கண் ஒரு பக்கம் செருகி, உதடு கோணி. அந்த வீடியோவில் இருந்த அதே முகம். ஆமாம், நானும் அதைப் பார்த்திருக்கிறேன். மாடிப்படியை எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. லுங்கி ஆணியில் மாட்டிக் கிழிந்தது.

கதவைத் திறந்தால், அவள் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். கருத்துப்போன திரையைப் பார்த்து. முடிவுரைக்கே வந்துவிட்டாள்.

"நெட்டு போயிருச்சு சாமி" என்றேன்.

"எப்ப?"

"அப்பவே."

திரையைப் பார்த்தாள். கிழிந்த லுங்கியைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கலாமணி என்னவோ ஏதோ என்று கரண்டியோடு ஓடிவந்தாள். நான் ரௌட்டரை அணைத்துப் போட்டேன். சங்கவி மறுபடி உள்ளே போய், "மன்னிக்கணும் மேடம், முதல்ல இருந்து சொல்றேன்" என்று ஆரம்பித்து முழுவதையும் இன்னொரு தடவை பேசினாள். திக்கினாள்தான். யாருக்கும் அது ஒரு விஷயமாகத் தெரியவில்லை. அவளுக்கும்.

அடுத்து என் முறை. நான் பேசியதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

மே 11, ஞாயிறு

வெள்ளரிப்பிஞ்சு அரிந்துகொண்டே சங்கவி கேட்டாள்: "அப்பா, டெபிட்டு கிரெடிட்டு நெசமாவே தெரியாமத்தான் கேட்டீங்களா?"

"தெரியும். அன்னிக்கு மறந்துபோச்சு."

"இடைநிலை? முந்தின நாள்தான நான் சொல்லிக் குடுத்தேன்."

"அதுவும்தான்."

"ரொம்ப மறக்கறீங்க" என்று உப்பு மிளகாய் போட்டு ஒரு துண்டை என் கையில் வைத்தாள்.

ஜூன் 14, சனி

தேர்வு. திருப்பூரில் மையம். பஸ்ஸில் அப்பனும் மகளும் ஆளுக்கொரு புத்தகம். கண்டக்டர் என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "பாப்பா புஸ்தகத்தைப் புடிச்சுட்டு வர்றீங்களாக்கு?" என்றார். ஆமாங்க என்றேன். சங்கவி நிமிர்ந்து, "இல்லீங்க. அ... அவரும் எழுதறாரு" என்றாள். முகம் தெரியாத ஆளிடம், ஓடுகிற பஸ்ஸில்.

புள்ளியியல் தாள் கஷ்டம்.

ஜூலை 19, சனி

முடிவு வந்தது. சங்கவி எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி. நான் அக்கவுண்ட்ஸில் தொண்ணூற்றொன்று. புள்ளியியலில் முப்பத்தொன்று, ஃபெயில்.

"டெபிட்டு தெரியாதவருக்குத் தொண்ணூத்தொண்ணு" என்று கலாமணி பக்கத்து வீடு வரைக்கும் சொல்லிச் சிரித்துவிட்டு வந்தாள்.

கோவைக்குத் திரும்பப் போகிறாயா என்று சங்கவியிடம் கேட்டேன். யோசித்துத்தான் பதில் சொன்னாள். "இல்லீங்கப்பா. பயந்துட்டு இல்லை. இது எனக்கு நல்லா வருது. இங்கயே முடிக்கறேன்." தளி ரோட்டில் ஆடிட்டர் அலுவலகத்தில் ஆள் தேடுகிறார்களாம். வாடிக்கையாளர்களுக்கு ஃபோன் பண்ணிக் கணக்கு விவரம் கேட்க வேண்டும். ஏற்கனவே போய்ப் பேசிவிட்டு வந்திருக்கிறாள். எங்களிடம் சொல்லவே இல்லை. திக்கும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டாளாம்.

"என்ன சொன்னாங்க?"

"திங்கக்கிழமை வரச் சொன்னாங்க."

ஆகஸ்ட் 2, சனி

இரண்டாம் பருவம் தொடங்கியது. ஆடிட்டருக்கு இந்த மாதம் வேலை அதிகம் என்பதால் சங்கவி சனிக்கிழமையும் போகிறாள். பதிவைச் சாயங்காலம் பார்த்துக்கொள்வாள். ஏழு மணிக்கு நான் மட்டும் மேசைக்கு வந்தேன்.

கலாமணி காபியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "அவதான் எந்திரிச்சுட்டாளே. இனி உங்களுக்கு எதுக்குங்க இது?"

"சங்கத் தேர்தல்" என்றேன்.

"சரி, சரி" என்று எழுந்து போனாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

ஹேமாவதி மேடம் ஒட்டுறவு எடுத்தார். இரண்டு விஷயங்கள் சேர்ந்து ஏறுகின்றனவா, இறங்குகின்றனவா என்று அளக்கிற கணக்கு. இந்தப் பாடத்தைப் புதன்கிழமையே பதிவில் கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னைக் குடைந்துகொண்டிருந்தது. கடையில் ஒயர் அளக்கும்போதெல்லாம் அதேதான். சங்கவியிடம் கேட்டேன்; அவளுக்கும் தெரியவில்லை. மேடத்தைக் கேளுங்கள் என்றாள்.

மைக்கைத் திறந்தேன்.

"மேடம், எங்க கடையில ஃபேன் ஓடற மாசமெல்லாம் பக்கத்துல இளநீர்க்காரருக்கும் நல்லா ஓடுது. கணக்குப் போட்டுப் பாத்தேன், ஒட்டுறவு பெருசா வருது. ஆனா நான் ஃபேன் விக்கறதுனால அவருக்கு இளநீர் விக்கலீங்க. ரெண்டுக்கும் வெயில்தான் காரணம்னு நமக்குத் தெரியுது. தெரியாத எடத்துல என்ன பண்றதுங்க? ரெண்டு சேந்து நடந்தா, எதுனால எது நடந்துச்சுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கறது?"

யாரும் சிரிக்கவில்லை. மேடம் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"பெரிய கேள்வி சார். அதுக்கு ஒரு வகுப்பே வேணும். அடுத்த வாரம் எடுக்கறேன்."

நன்றி சொல்லி மைக்கை அணைத்தேன். விரல் இரண்டு தடவை தப்பான இடத்தில் பட்டது.  அத்தனை நாள் அத்தனை கேள்வி கேட்டேன்; பதில் தெரியாமல் கேட்டது இதுதான் முதல் தடவை.